கூந்தற்பனையும் பொம்மையின் கூந்தலும்

பொம்மையின் தலைமுடியைச் சீவ ஏற்ற தூரிகை எது? இக்கேள்வியை ஒரு வரலாற்று வகுப்பில் எழுப்பினால் மாணவர் சிரிப்பர், ஆசிரியரும் சிரிக்கக்கூடும். மன்னர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் மலைபோற் குவிந்து கிடக்க, பொம்மையின் மயிரையா வரலாறு ஆராய வேண்டும் என்று கேட்பதும் இயல்பே. ஆனால் மன்னர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. மெய்க்கீர்த்தி பாடப் புலவரும் உண்டு. மயிரையும் நாரையும் விரலால் தடவிப் பார்த்து, ‘இது இதற்கு ஆகும், இது ஆகாது’ என்று தெரிந்து சொன்ன உழைப்பாளிக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுடைய அறிவின் வரலாற்றை இத்தகைய சிறிய கேள்விகளின் வழியாகவே நாம் தேடிக் காணவேண்டும். கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைநாட்டையும் சான்றாகக் கொண்டு அவ்வாறு தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏற்ற தூரிகை எது என்பது பொம்மையின் கூந்தல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. தமிழ்ச் சிறுமியர் பண்டு தொட்டே பாவை செய்து விளையாடியவர்கள். பஞ்சாய்க் கோரையைக் கிழித்துப் பாவை முடைந்த செய்தி சங்கப் பாடல்களிலேயே வருகின்றது. கோரைப் பாவைக்குச் சீவுவதற்கென்று கூந்தல் இல்லை. கோரையே உடல், கோரையே கூந்தல். செம்மரத்திற் செதுக்கிய மரப்பாச்சிக்குக் கொண்டையும் மரமே. பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பொம்மைக்குத் தென்னந்தும்பைப் பிரித்து முடி வைப்பதுண்டு. அதைக் கோதுவதற்குக் குழந்தையின் விரல்களே போதும். மேல்நாட்டுப் பொம்மைகளுக்கோ ஆட்டு மயிரும் மனித மயிரும் வந்தன. பின்னர் நைலான் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு வகைக் கூந்தலும் உண்டு. அது தீட்டப்பட்ட கூந்தல். அங்கே தூரிகை முடியைச் சீவுவதில்லை, முடியைப் படைக்கின்றது. கண்டியின் கதை அந்தத் தூரிகையிலிருந்தே தொடங்குகின்றது.

புல்லும் அணில்வாலும்

கண்டிச் சிற்பியரின் தொழிலறிவை ஏட்டில் ஏற்றிவைத்த பெருமை ஆனந்த குமாரசுவாமிக்கு உரியது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பிலே பிறந்த இவர், நிலவியல் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குத் தலைமை தாங்கியவர். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களிற் சுற்றியவரின் கண்ணிற் கலைஞர்கள் பட்டார்கள். அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் தமது சோசர் பதிப்பை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், 425 படிகள் மட்டுமே அச்சிடப்பட்ட நூல் அது. இயந்திர முதலாளித்துவம் கைத்தொழிலாளியின் மகிழ்ச்சியைக் கொன்றுவிட்டது என்று முழங்கிய சோஷலிஸ்டான மொரிஸின் பொறியிலே, கண்டிக் கைவினைஞனின் வாழ்வு பதிவானது பொருத்தமே.

சித்தரர் எனப்பட்ட கண்டி ஓவியரின் தூரிகைகளை அந்நூல் விவரிக்கின்றது. பரந்த இடத்தை வண்ணத்தால் நிரப்புவதற்குத் தாழை விழுது. அதன் நுனியை நசுக்கிவிட்டால் நாராகப் பிரிந்து, வண்ணத்தை மிகுதியாகக் குடித்துக்கொள்ளும். நுண்ணிய கோடுகளுக்கு அணில்வால் மயிரும் பூனை மயிரும். இவற்றோடு ‘தெலி தண’ என்று சிங்களத்தில் வழங்கும் ஒரு புல்லின் கூரிய இழைகளும் இருந்தன. அப்புல் நம் வீடுகளிற் கூட்டும் துடைப்பப் புல்லின் இனத்தைச் சேர்ந்தது. தரையைக் கூட்டும் புல்லின் உறவு, தெய்வப் பெண்ணின் புருவத்தை எழுதுகின்றது! பொருள்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. அவற்றை எங்கே, எவ்வாறு பயன்படுத்துவது என்று அறிந்த கைதான் அவற்றுக்கு மதிப்பைத் தருகின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

கூந்தலைத் தீட்டும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்டி ஓவியத்தில் ஒளி நிழல் இல்லை. தட்டையாகப் பூசிய வண்ணமும், அதைச் சுற்றி வளைந்தோடும் கோடுமே அதன் உயிர். எரித்த கரியிலிருந்து எடுத்த கறுப்பை விளாம்பிசினிற் குழைத்து, கொண்டையின் பரப்பை முதலில் நிரப்பவேண்டும். அதற்கு வண்ணம் தாங்கும் தூரிகை தேவை. பின்னர் நெற்றியோரத்து மயிரைக் கோடுகோடாக இழுக்கவேண்டும். அதற்கு நுனி வளைந்தும் முறியாத, ஒரு மூச்சில் இழுக்கும் கோட்டின் நடுவே வண்ணம் வற்றாத தூரிகை தேவை. முரட்டு நார் கோட்டைப் பிளந்துவிடும். மிக மென்மையான மயிரோ கையின் அழுத்தத்தைத் தாங்காமல் மடிந்துவிடும். மென்மையும் விறைப்பும் சேரும் அந்தப் புள்ளியைக் காண்பதே தூரிகைத் தேர்வின் இரகசியம். பொம்மையின் முடியைச் சீவுவோருக்கும் இதுவே விதி: முடியை அறுக்காத மென்மை வேண்டும், சிக்குக்குள் நுழையும் விறைப்பும் வேண்டும்.

இவ்வறிவு கண்டிக்கு மட்டும் உரியதன்று. 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் ‘மானசோல்லாசம்’, தூரிகைகளைப் பருமை, நடுத்தரம், நுண்மை என்று வகுத்துச் சொல்கின்றது. தென்னாட்டுக்கும் ஈழத்துக்கும் இடையே தொழில்மொழி கடல் கடந்து உலவியமைக்குச் சொற்களே சாட்சி. நாம் சாதிலிங்கம் என்று சொல்லும் சிவப்பைக் கண்டிச் சித்தரரும் ‘சாதிலிங்கம்’ என்றே அழைத்தனர். இன்று சிங்களவர் என்றும் தமிழர் என்றும் பிரிந்து பகைத்து நிற்போர், தம் முன்னோரின் வண்ணக் கிண்ணத்தில் ஒரே சொல் குழைந்து கிடந்ததை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கண்டிக்கு அருகேயுள்ள தெகல்தொறுவைக் குகை விகாரையின் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய விகாரைப் பணி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. அங்கே வேலை செய்த ஓவியர் கூட்டத்தின் தலைவராகத் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேயின் பெயர் நமக்குக் கிடைத்துள்ளது. ஒரு பெயராவது கிடைத்ததே என்று மகிழலாம். ஆனால் அவருக்காகப் புல்லைப் பறித்தவன் யார்? அணில்வால் மயிரை நுனி நுனியாக ஒழுங்குபடுத்திக் குச்சியிற் கட்டிக் கொடுத்தவன் யார்? மன்னனின் பெயருக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. ஓவியனின் பெயர் ஒருவாறு தப்பியது. தூரிகை கட்டியவனோ பெயரின்றிப் போனான். நிலப்பிரபுத்துவ சமுதாயத்தின் படிக்கட்டு முழுவதையும் இந்த ஒரு குகையிற் காணலாம்.

அப்படிக்கட்டு நிலத்தின் மேல் கட்டப்பட்டது. கண்டி இராச்சியத்தில் ஓவியனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் கூலி இல்லை, நிலம் உண்டு. நிலத்தை அனுபவிப்பவன் அரசனுக்கோ விகாரைக்கோ தன் சாதிக்குரிய தொழிலைச் செய்தாகவேண்டும். இராஜகாரியம் எனப்பட்ட இக்கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் 1832–33இல் ஒழித்தனர். ஆயினும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரிய நிலங்களில் ஊழியம் தொடர்ந்தது. 1870இல் வந்த சட்டமே அதைப் பணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. பழைய முறை கைவினைஞனுக்கு ஒரு பிடி நிலத்தை உறுதியளித்தது என்பது உண்மை. அந்நிலத்தோடும் சாதியோடும் அவனைக் கட்டிப்போட்டது என்பதும் உண்மை. குமாரசுவாமி முன்னதை அன்போடு எழுதினார். பின்னதை நாம் மறந்துவிடலாகாது.

நாரைச் சீவியவர்களின் தலை

சாதியின் கொடுமை எவ்வளவு நுணுக்கமாக மனிதனின் தலைமயிர் வரை இறங்கியது என்பதற்குத் தும்பறைப் பிரதேசத்திலேயே ஒரு சான்று உண்டு.

கண்டி நகருக்குக் கிழக்கே, குண்டசாலைக்கு அப்பால் ஹேனவல என்னும் சிற்றூர் இருக்கின்றது. தும்பறைப் பாய் என்று புகழ்பெற்ற நார் நெசவு இவ்வூரில் வழிவழியாக நடந்துவருகின்றது. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மானிடத்தின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. மருள், கற்றாழை ஆகியவற்றின் இலையைப் பலகையில் வைத்துச் சதையை வழித்தெடுப்பர். எஞ்சிய நாரைக் கழுவி உலர்த்துவர். பின்பு சிக்கெடுத்துச் சீவி, இழை இழையாகப் பிரிப்பர். பதங்கிக் கட்டையாற் சிவப்பும், மரமஞ்சட் கொடியால் மஞ்சளும் ஏற்றுவர். வெண்பட்டுப் போல மின்னும் அந்த நார்க் கற்றையைக் கண்டோர், ஒரு பொன்முடிப் பொம்மையின் கூந்தல் என்றே மயங்குவர். அதைச் சீவுவதிலும் பொம்மை முடியைச் சீவும் அதே நுட்பம் உண்டு: நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலேறவேண்டும். அடியிலிருந்து வலிந்து இழுத்தால் சிக்கு இறுகும், இழை அறும்.

இந்நெசவைச் செய்தோர் கின்னரர் எனப்பட்ட சாதியினர். கண்டி நாட்டின் சாதி வரிசையில் மிகவும் தாழ்த்தப்பட்டோருள் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். கண்டியில் மற்ற ஆண்கள் நீண்ட முடியைக் கொண்டையாக முடிந்துகொள்வது மரபு. கின்னர ஆணுக்கோ முடியை நீள வளர்க்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. கத்தரித்த தலையே அவன் சாதியின் முத்திரை. வாழ்நாள் முழுதும் நாரைச் சீவி அழகுபடுத்தியவன், தன் தலையிற் சீவுவதற்கு ஒரு முழ மயிர் வைத்துக்கொள்ளக் கூடாது!

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே நாட்டின் உயர்குலத்தார் யானைத் தந்தத்திற் கடைந்த சீப்புகளால் தலைவாரினர். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கண்டிச் சிற்பியர் செதுக்கிய அச்சீப்புகள், நடுவே கொடியும் பெண்ணுருவமும் துளையிட்டு இழைத்தவை. இன்று இலண்டன் அரும்பொருட் காட்சிச்சாலைகளிலே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. பார்வையாளர் அவற்றின் அழகை வியப்பது முறையே. ஆனால் தந்தச் சீப்பையும் கத்தரித்த தலையையும் ஒரே படத்திற் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே வரலாற்றாசிரியனின் கடமை. எவனுடைய தலையில் மயிர் நீளலாம், எவனுடைய தலையில் நீளக்கூடாது என்று விதித்த சமுதாயத்தில், சீப்பும் தூரிகையும் வெறும் ஒப்பனைப் பொருள்கள் அல்ல.

இவ்வூர்களுக்கு அயலிலேயே, தூரிகையே வேண்டாத ஓவியக் கலை ஒன்றும் வளர்ந்தது. மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிடக் கைவினைஞர், சூடேற்றி இளகிய வண்ண அரக்கை நூல்போல இழுத்து, மரப்பிடியின் மேல் விரல் நகத்தாலேயே வெட்டி ஒட்டிக் கோலம் சமைத்தனர். நகவேலை என்றே அதற்குப் பெயர். தும்பறையின் ஹுரிக்கடுவையிற் கடைசல் மரத்தின் மேல் அரக்கு ஏற்றும் தொழில் நடந்தது. கருவி என்பது கையின் நீட்சி என்று நூல்களில் படிக்கின்றோம். இங்கே கையே கருவியாகிவிட்டது.

கூந்தற்பனையின் கடற்பயணம்

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். அது ஒரு மரம். சிங்களத்திற் கித்துள் என்றும், தமிழிற் கூந்தற்பனை என்றும் பெயர் பெற்றது. நீண்டு தொங்கும் அதன் பூங்குலை அவிழ்த்துவிட்ட பெண்ணின் கூந்தலைப் போலிருப்பதால் நம் முன்னோர் இப்பெயரிட்டனர். மலைநாட்டுக் குடியானவனுக்கு அது காமதேனு. பாளை சீவினால் பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி, புளித்தால் கள், அடிமரத்திலிருந்து மாவு. மடலின் அடியிலே கருங்கூந்தல் போன்ற உறுதியான நார். 1660இற் சிறைப்பட்டுக் கண்டி நாட்டிலே 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயனான ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தன் நூலிலே இம்மரத்தைச் சிறப்பாகக் குறிப்பிடுகின்றான். யானையைக் கட்டும் கயிறும் இந்நாரிலே திரிக்கப்பட்டது.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது; மலைநாடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமை என்றது. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தவர் விறகும் நாரும் தேனும் எடுத்த நிலம், கோப்பித் தோட்டத்துக்காக ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் விற்கப்பட்டது. 1844இலேதான் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவருள் ஆங்கில அதிகாரிகளே பலர். சட்டம் இயற்றியவனும் அவனே, விற்றவனும் அவனே, வாங்கியவனும் அவனே!

காட்டை இழந்த குடியானவனின் தோட்டத்து மூலையில் நின்ற கூந்தற்பனையும் அடுத்து உலகச் சந்தையின் கண்ணிற் பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘கித்தூல்’ என்னும் பெயரோடே அதன் நார் இலண்டன் தூரிகைத் தொழிலுக்கு ஏறுமதியாயிற்று. ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தால் இந்நார் மென்மையும் வளைவும் பெறும். பன்றிமயிரோடு கலந்தும், தனித்தும் தூரிகை கட்டலாம். வெல்வெட்டுத் துணியைத் தட்டிக் கோதும் மென்மையான தூரிகைகளுக்கும், நூலிழையை மெருகேற்றும் தூரிகைகளுக்கும் இது ஏற்றதெனக் கண்டனர். நார்களுக்குள்ளும் ஒரு தரவரிசை உருவாயிற்று. தென்னந்தும்பு முரட்டுத் துடைப்பத்துக்கு. யாழ்ப்பாணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சென்ற பனந்தும்பு தெருவும் தொழுவமும் தேய்க்கும் விறைத்த தூரிகைக்கு. கண்டிக் கூந்தற்பனை மெல்லிய பொருள்களுக்கு. எந்த நாருக்கு எந்த வேலை என்ற இவ்வறிவின் வேர், நாரை உரித்துச் சீவிய கிராமத்தவனின் விரல்களிலேதான் இருந்தது. இலாபத்தின் கிளைகளோ கொழும்புத் துறைமுகத்திலும் இலண்டன் ஏலக்கூடத்திலும் தழைத்தன.

இலண்டனிலும் தூரிகைக்குப் பின்னால் ஒரு தொழிலாளி இருந்தான். இங்கிலாந்தின் தூரிகைத் தொழிலாளர் 18ஆம் நூற்றாண்டிலேயே சங்கம் கண்டவர்கள். வேலை தேடி ஊர் ஊராக நடந்துசெல்லும் தோழனுக்கு ஒவ்வொரு நகரிலும் உணவும் படுக்கையும் கொடுக்கும் ஏற்பாட்டைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள். ஆனால் கட்டையின் துளைகளிலே நார்க்கொத்தைக் கம்பியால் இழுத்துப் பொருத்தும் வேலை, பெருமளவில் வீட்டிலிருந்த பெண்களுக்குச் சொற்பக் கூலிக்குக் கொடுக்கப்பட்டது. சங்கத்தின் நிழல் அவர்கள்மீது படவில்லை. 1906இல் இலண்டனில் நடந்த ‘வியர்வைத் தொழில்கள்’ கண்காட்சி இத்தகைய வீட்டுத் தொழில்களின் அவலத்தைக் கனவான்களின் கண்ணெதிரே நிறுத்தியது. தும்பறைக் குடியானவனும் இலண்டன் சேரிப் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் ஒரே நார் இருவர் விரலையும் கீறியது.

யாருடைய மயிர்? யாருடைய மகள்?

பொம்மைக்கு உண்மையான முடி வைக்கும் வழக்கம் பரவியதும் இதே காலத்திலேதான். முதல் உலகப் போருக்கு முன்னர், ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள சொன்னெபர்க் நகரம் உலகப் பொம்மைத் தொழிலின் தலைநகராக விளங்கியது. அங்கும் தொழிற்கூடம் என்பது பெரும்பாலும் ஏழைகளின் வீடே. ஒரு குடும்பம் தலையை வார்க்கும். ஒன்று கண் தீட்டும். ஒன்று முடி தைக்கும். பிறர் குழந்தைக்குப் பொம்மை செய்வதற்காகத் தம் குழந்தைகளையும் இரவு வரை உட்கார வைத்த வீடுகள் அவை. பீங்கான் தலைகளுக்கு முதலில் முடியை அச்சிலே வார்த்துத் தீட்டினர். பின்னர் அங்கோரா ஆட்டு மயிரும் மனித மயிரும் வந்தன. 1905இல் தன் மகளுக்காகத் துணிப் பொம்மை செய்யத் தொடங்கிப் புகழ்பெற்ற கேத்தே குரூசே என்ற ஜெர்மானியப் பெண்மணியும் நெடுங்காலம் தீட்டிய கூந்தலோடே பொம்மை செய்தார். 1929இலேதான் முடி பொருத்திய பொம்மையை அறிமுகம் செய்தார்.

மனித மயிர் என்றால் யாருடைய மயிர்? பணக்காரர் தம் கூந்தலை விற்பதில்லை. வறுமை விற்றது, பக்தி கொடுத்தது. திருப்பதியிலும் பழனியிலும் ஏழைப் பெண்கள் நேர்ந்துகொண்டு இறக்கிய கூந்தல் இன்றும் ஏலத்திற் போய், உலகச் சந்தையில் பொய்முடியாக உருமாறுகின்றது.

பின்னர் இரசாயனம் வந்தது. நைலான் இழை சந்தையில் முதன்முதலாகத் தோன்றியது புடவையாக அன்று. 1938இற் பற்றூரிகையின் மயிராகவே தோன்றியது. சீனத்துப் பன்றிமயிர் அதுவரை செய்த வேலையை அது எடுத்துக்கொண்டது. அதே செயற்கை இழைக் குடும்பம் விரைவிலேயே பொம்மையின் தலையிலும் ஏறியது. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, அக்காலத்தில் ஜப்பானிலே செய்யப்பட்ட பார்பி பொம்மையின் கூந்தல் ‘சரான்’ என்னும் செயற்கை இழை. தூரிகையின் மயிரும் பொம்மையின் மயிரும் ஒரே தொழிற்சாலைக் குழாயிலிருந்து இழுக்கப்படும் காலம் பிறந்தது. கூந்தற்பனையின் நாருக்கு இருந்த வெளிநாட்டுத் தேவை தேய்ந்தது. கண்டிக் கிராமத்தவனின் அறிவை முன்பு மலிவாக வாங்கிய சந்தை, பிறகு அதை வேண்டாமென்றே சொல்லிவிட்டது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு நேரான விடை சொல்லலாம். தீட்டிய கூந்தலுக்கு உலர்ந்த, மிக மென்மையான மயிர்த் தூரிகை. தூசியைத் தட்டினாற் போதும். பிசினிற் குழைத்த வண்ணமாயின் நீர் படவே கூடாது. ஆட்டு மயிருக்கும் மனித மயிருக்கும் பல் அகன்ற சீப்பும், பன்றிமயிர் போன்ற இயற்கை மயிர்த் தூரிகையும். முன்னமே சுருட்டி அமைத்த முடியாயின் விரலாற் கோதுவதே நன்று. தூரிகை அச்சுருளைக் குலைத்துவிடும். நைலான், சரான் கூந்தலுக்கு நுனியில் உருண்டை இல்லாத உலோகக் கம்பித் தூரிகை. உருண்டை முனை முடியைப் பற்றி இழுக்கும். பிளாஸ்டிக் தூரிகை உரசினால் மின்னேற்றம் உண்டாகி முடி சிலிர்த்து நிற்கும். உலோகம் அவ்வளவு தொல்லை தராது. சூடு மிகுந்தால் இழை உருகும்; எண்ணெய் தேய்த்தால் பிசுக்குப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று: நுனியில் தொடங்கு, ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொள், பொறுமையாக மேலேறு. ஹேனவலயில் நாரைச் சிக்கெடுத்த கை அறிந்திருந்த விதியும் இதுவே என்பதை வாசகர் இப்போது உணர்வர்.

இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கின்றது, அதுவே பெரியது. இந்த மலைகளில் எந்தக் குழந்தையின் கையில் அந்தப் பொம்மை இருந்தது? 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடப்பட்டது. அதே ஆண்டிற் கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. அந்த வண்டியில் மேல்நாட்டுப் பொருள்கள் மேலேறின. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் கீழிறங்கின. துரையின் பங்களாவிலே பொம்மைக்கும் கூந்தல் சீவ ஆயா இருந்தாள். அந்த ஆயாவின் மகளோ லயத்திலிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். இது மிகைக் கூற்றன்று. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று மூன்று வீதங்களை வகுத்தது. குழந்தைக்குக் கூலி வகுத்த சமுதாயம் அவளுக்குப் பொம்மையை வகுக்கவில்லை. 1948இல் அவள் பெற்றோரின் குடியுரிமையும் பறிபோயிற்று.

கண்டியக் கலைச் சங்கம் 1882இலேயே தோன்றி மலைநாட்டுக் கைவினைகளைக் காக்க முனைந்தது. இன்றும் கண்டி வாவிக்கரைக் கடைகளில் உல்லாசப் பயணிகளுக்காக நடனப் பொம்மைகள் அணிவகுத்து நிற்கின்றன. கலையைக் காப்பது நல்லது. ஆனால் பொருளை மட்டும் காத்து, அதைச் செய்த மனிதனைச் சாதியிலும் வறுமையிலும் விட்டுவைப்பது காப்பு ஆகாது. குமாரசுவாமி பதிவு செய்த அறிவு, செய்தவனின் மகளுக்குப் பள்ளிக் கல்வியாகவும், நியாயமான கூலியாகவும், தலைநிமிர்ந்து கூந்தல் வளர்க்கும் உரிமையாகவும் திரும்பி வரும்போதுதான் அக்கடன் தீரும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரலாற்று வகுப்பில் ஒரு தும்புத்தடியையோ ஒரு சீப்பையோ மேசைமேல் வையுங்கள். இது எந்த மரத்தின் நார்? யார் உரித்தது? யார் கட்டியது? அவருக்கு என்ன கிடைத்தது? என்று மாணவர்களைக் கேளுங்கள். கண்டி உடன்படிக்கையின் பிரிவுகளை மனப்பாடம் செய்த மாணவனும் இக்கேள்விகளுக்கு முன்னே சிறிது தயங்குவான். அத்தயக்கத்திலிருந்தே மக்களின் வரலாறு படிக்கப்படத் தொடங்கும்.